ஊவாத் தோட்டப் பிள்ளைகளும் அவர்தம் வரைபடங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலே மூன்று வகையான வரைபடங்களைக் காணலாம். முதலாவது, தோட்டக் காரியாலயச் சுவரிலே தொங்குவது. மலைகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொன்றின் பரப்பையும் குறித்து, பாதைகளையும் எல்லைகளையும் அளவுத்திட்டத்துக்கு அமையக் காட்டுவது அது. இரண்டாவது, பாடசாலைச் சுவரிலே தொங்கும் இலங்கைப் படம். அதிலே பதுளை ஒரு புள்ளி. தோட்டத்துக்கு அங்கு இடமில்லை. மூன்றாவது படம் எங்கும் தொங்கவிடப்படுவதில்லை. ஆரம்ப வகுப்புப் பிள்ளையொன்று தன் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியைப் பயிற்சிக் கொப்பியிலே கீறுகின்றது. ஆசிரியர் அதற்குச் சரியடையாளம் இட்டுத் திருப்பிக் கொடுக்கின்றார். ஆண்டு முடிவில் அக்கொப்பி அடுப்புக்கோ பழைய கடதாசி வாங்குபவருக்கோ போய்ச் சேர்கின்றது.

வரலாற்று மாணவர் முதலிரு படங்களையும் சான்றுகளாக மதிப்பர். மூன்றாவதைக் குழந்தைக் கிறுக்கல் என ஒதுக்குவர். ஆயின் ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை, மக்கள் எங்கே எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அம்மக்களின் இருப்பிடத்திலிருந்தே காட்டும் படம் மூன்றாவது ஒன்றே. அது சான்றாக ஏற்கப்படாமையால் நேர்ந்த இழப்பு, அறிவுத்துறை சார்ந்தது மாத்திரமன்று என்பதையும் அண்மைக்கால வரலாறு உணர்த்துகின்றது. இவ்விரு செய்திகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கல்விச் சிந்தனையிற் பிள்ளையின் படம்

பிள்ளை தன் ஊரைத் தானே படமாக்கிப் பயில வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1762இல் வெளிவந்த ‘எமீல்’ என்னும் நூலிலே, சிறுவனுக்குரிய புவியியல் அவன் வாழும் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும், அதற்கான படத்தை அவனே வரைய வேண்டும் என்றும் ரூசோ கருத்துரைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுவிற்சர்லாந்தின் இவெர்டோன் நகரிற் பள்ளி நடத்திய பெஸ்டலோசி இதனை நடைமுறையிற் செய்து காட்டினார். அவருடைய மாணவர் அருகிலிருந்த பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கிருந்து களிமண்ணைச் சுமந்து வந்து, தாம் கண்ட மேடு பள்ளங்களை மேசைமீது உருவாக்கினர். அவ்வுருவை நன்கு விளங்கிக்கொண்ட பின்னரே தேசப்படம் அவர்கள்முன் விரிக்கப்பட்டது. நவீன புவியியலின் முன்னோடிகளுள் ஒருவரான காள் ரிட்டர் அப்பள்ளியை நேரிற் கண்டு பெரிதும் கவரப்பட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் உளவியலாளர் இவ்விடயத்தைக் கையேற்றனர். ஜெனீவாவைச் சேர்ந்த பியாஜேயும் அவருடன் பணியாற்றிய இன்ஹெல்டர் அம்மையாரும் 1948இல் வெளியிட்ட ஆய்விலே ‘மூன்று மலைகள்’ என்னும் பரிசோதனை இடம்பெற்றது. மேசைமீது மூன்று மலைகளின் மாதிரியுரு வைக்கப்படும். பிள்ளை ஒருபுறம் அமரும். பொம்மையொன்று வேறொரு புறத்தில் வைக்கப்படும். பொம்மையின் இடத்திலிருந்து மலைகள் எவ்வாறு தோன்றும் என்று பிள்ளையிடம் வினவப்படும். சிறு பிள்ளைகள் தம் இடத்திலிருந்து தெரியும் காட்சியையே பொம்மையின் காட்சியாகவும் தெரிவு செய்தனர். பிறர் இடத்தில் நின்று நோக்கும் ஆற்றல் வயது முதிர முதிரவே கைகூடும் என்பது பியாஜேயின் முடிபாகும்.

இம்முடிபு பின்னர் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. 1970களில் மார்ட்டின் ஹியூஸ் நிகழ்த்திய பரிசோதனையை மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டினார். மலைகளுக்குப் பதிலாகச் சுவர்களையும், அவற்றின் அருகே தேடிக்கொண்டு நிற்கும் பொலிஸ்காரப் பொம்மைகளையும் வைத்து, அவற்றின் கண்ணிற் படாதவாறு சிறுவன் பொம்மையை ஒளித்துவைக்கும்படி கேட்டபோது, நான்கு வயதை ஒட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் சரியாகவே செய்தனர். ஒளிதலும் தேடுதலும் அவர்களின் வாழ்வோடு தொடர்புடையவை. அட்டை மலைகள் அத்தகையன அல்ல. பொருளுள்ள ஒரு தேவை முன்வைக்கப்படுமாயின் பிறர் இடத்திலிருந்து நோக்குதல் பிள்ளைக்கும் இயலும் என்பது இதனாற் பெறப்பட்டது.

நகர அமைப்பு அறிஞரான கெவின் லிஞ்ச் இவ்வழியில் மேலும் ஒரு படி சென்றார். 1977இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் வெளிவந்த அவரது தொகுப்பிலே, ஆர்ஜென்ரீனா, அவுஸ்திரேலியா, மெக்சிக்கோ, போலந்து ஆகிய நாடுகளின் பிள்ளைகள் தத்தம் சுற்றாடலைப் படமாக வரைந்தனர். அப்படங்களின் குறை நிறைகளை எடைபோடுவது அவ்வாய்வின் நோக்கமன்று. எவ்விடம் பிள்ளைக்கு உரியது, எவ்விடம் மறுக்கப்பட்டது, எதை அது பெரிதாகக் காண்கின்றது என்பனவே நோக்கப்பட்டன. இவ்வகையில் பிள்ளையின் படம் சமூக வரலாற்றுக்கும் உரிய ஆவணமாயிற்று.

2. காரியாலயச் சுவரின் படம்

ஊவாவின் நிலம் படமாக்கப்பட்ட வரலாறு அதனைக் கைப்பற்றிய வரலாற்றோடு பிணைந்தது. 1817-1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் கடுமையாக அடக்கியபோது ஊவாவின் கிராமங்களும் வயல்களும் பேரழிவுக்குள்ளாயின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. விற்கப்படும் நிலம் அளக்கப்பட வேண்டும். அளந்த நிலத்துக்குப் படம் வேண்டும். 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் பணி இவ்வாறு தோட்டங்களின் பெருக்கத்தோடு விரிவடைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924இல் பதுளையில் முடிவுற்றது.

இவ்வளர்ச்சியின் விளைவே காரியாலயச் சுவரின் படம். அது விளைச்சலை அறிவதற்கும் வேலையைப் பங்கிடுவதற்கும் வரையப்பட்டது. எனவே எந்த மலையில் எத்தனை ஏக்கர், எந்த ஆண்டிற் கவ்வாத்து என்பன அதற்கு முக்கியமானவை. மக்களோ சிறு நீள்சதுரங்களாக, ‘லயம்’ என்னும் கட்டட வகையாக மட்டுமே அதில் இடம்பெற்றனர். தொழிலாளி தோட்டத்துக்கு வந்துசேர்ந்த முறையும் இதையே காட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் கழுத்திலே, சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை கட்டப்பட்டது. வழியை அறிந்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பதே அவ்வேற்பாட்டின் உட்கிடை. இன்றும் பல லயங்களிலே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியே வந்து சேர்கின்றன.

3. பாடசாலைச் சுவரின் படம்

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட முகாமையாளர்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச்சட்டம் அதனை மேலும் வலியுறுத்திற்று. எனினும் பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக, வாசிப்பும் எழுத்தும் எண்ணும் மட்டும் கற்பிப்பனவாகவே நீண்டகாலம் இருந்தன. 1945இல் நாட்டிற் செயற்படத் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் அவற்றை எட்டவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரச கல்வி அமைப்புக்குள் வந்தன.

இக்காலத்திற் பாடசாலைச் சுவரிலே தொங்கிய இலங்கைப் படத்தைத் தோட்டப் பிள்ளை எவ்வாறு நோக்கியிருக்கும் என்பது சிந்தனைக்குரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அதன் பெற்றோரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் இணக்கம் காணப்பட்டது. பதுளையிற் புகையிரதமேறித் தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, சுவர்ப்படத்தின் மேல் மூலையிலே கிடந்த கடல் திடீரெனப் பொருள் பெற்றிருக்கும். அவர்களுட் பலர் நீலகிரியின் தேயிலை மலைகளிலே மீண்டும் குடியமர்த்தப்பட்டனர். வேறொரு நாட்டுப் படத்திலே அதே வகையான மலையை அவர்கள் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நாடற்றோர் பிரச்சினைக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியாகவே தீர்வு எட்டப்பட்டது.

4. லயத்துப் பிள்ளையின் படம்

இன்றைய ஆரம்பக் கல்வியிலே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் வீடு, பாடசாலை, அவற்றைச் சூழவுள்ள இடம் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றது. ரூசோவும் பெஸ்டலோசியும் விரும்பிய வழி இதுவே. தோட்டப் பிள்ளை தன் சுற்றாடலைக் கீறத் தொடங்குமிடத்து நான்கு செய்திகள் நோக்கத்தக்கன.

முதலாவது, சொல். நிருவாகத்தின் ‘டிவிசன்’ மக்களின் வாயிலே ‘கணக்கு’ ஆகும்: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு. தேயிலை நிரம்பிய ஒவ்வொரு பகுதியும் ‘மலை’ ஆகும். கொழுந்து நிறுக்கும் மடுவம், பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பிரா, தண்ணீர்ப் பீலி, தேயிலை ஸ்டோர், அதன் இயந்திரத்துக்குக் காவலாக வழிபடப்படும் ரோதைமுனி எனப் பிள்ளை எழுதும் பெயர்கள் பல அரச இடவிளக்கப்படத்தில் இல்லாதவை. தோட்டத் தமிழின் இடப்பெயர்களைத் தேடுவோருக்கு இப்படங்கள் ஒரு சொற்களஞ்சியமாகும்.

இரண்டாவது, திசை. தேசப்படத்திலே தாளின் மேற்புறம் வடக்கு. மலைச்சரிவில் வாழும் பிள்ளைக்கோ தாளின் மேற்புறம் மேடு. மேற்கணக்கு மேலே, கீழ்க்கணக்கு கீழே, அருவி மேலிருந்து கீழே. இவ்வியல்பான ஒழுங்கைப் பாடசாலைப் படம் ஒருநாள் தலைகீழாக்குகின்றது. பதுளை ஓயா வடக்கு நோக்கிப் பாய்ந்து மகாவலியிற் கலப்பது. எனவே சுவர்ப்படத்தில் அது கீழிருந்து மேல்நோக்கி ஓடுவதாகத் தோன்றும். நீர் மேட்டுக்கு ஏறுமா என்று வினவும் பிள்ளையை அறியாப் பிள்ளை என்றல் பொருந்தாது. நிலத்தை அனுபவத்தால் அறிந்த பிள்ளை, படத்தின் மரபை இன்னும் அறியவில்லை என்பதே உண்மை. களிமண் உருவம் செய்வித்த பின்னரே பெஸ்டலோசி படத்தை விரித்ததன் காரணம் இங்குத் தெளிவாகின்றது.

மூன்றாவது, அளவு. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பிரா ஒன்றே பல குடும்பங்களுக்கு வீடாக அமைந்தது. தன் காம்பிராவின் கதவை லயம் முழுவதையும்விடப் பெரிதாகப் பிள்ளை கீறினால், அது அளவுத்திட்டத்தில் பிழை, பொருளிற் பிழையன்று. தாய் கொழுந்தெடுக்கும் மலை நாளுக்கு நாள் மாறும். அவர் திரும்பி வரும் நேரமும் நிறுவையைப் பொறுத்தே அமையும். ஆகவே தூரம் என்பது இங்கு மைலால் அளக்கப்படுவதில்லை. வண்டிப்பாதை வழியே நெடுநேரம் எடுக்கும் இடம் குறுக்குப் பாதையிற் கூப்பிடு தூரமாகலாம். படத்தில் அவ்விரு பாதைகளும் பெறும் நீளம் நடப்பவரின் காலத்தைக் காட்டும்.

நான்காவது, எல்லை. தோட்டத்து வழக்கிலே அயலிலுள்ள சிங்களக் கிராமம் ‘நாடு’ எனப்படும். தோட்டம் நாட்டுக்குப் புறம்பானது என்ற நீண்ட வரலாறு இச்சொல்லிற் பொதிந்துள்ளது. ஒரே அருவியின் மேற்பகுதியிலே தோட்டப் பிள்ளை பீலியைக் கீறும். கீழ்ப்பகுதியிலே கிராமத்துப் பிள்ளை வயலையும் வாய்க்காலையும் கீறும். கல்விமொழியால் வேறுபட்ட இரு பாடசாலைகளிலே கீறப்படும் இவ்விரு படங்களும் ஒரே மேசைமீது வைக்கப்படும் சந்தர்ப்பம் அரிது. வைக்கப்படுமாயின், ஒரு நீரோட்டத்தின் முழு வரலாற்றுக்கும் அவை சான்றாகும்.

5. மீரியபெத்தை

மேற்கூறியவற்றை இனிமையான கல்விச் சிந்தனையாகக் கொண்டு அமைதியுறவொண்ணாது. கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தையிலே 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலைச்சரிவொன்று இடிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் வழியும் இருக்கவில்லை. அவர்கள் அன்றாடம் நடந்து பழகிய பாதை, எந்த அரச படத்திலும் முன்னர்க் குறிக்கப்படாத பாதை, மண்ணுக்கு அடியிற் சென்றது.

இவ்வனர்த்தத்தின் வரலாற்றிலே இரண்டு உண்மைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. முதலாவது, ஆபத்து அறியப்படாததன்று. 1990களின் தொடக்கத்திலேயே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கும் பணி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தால் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. மீரியபெத்தை மக்கள் 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தனர் என அதிகாரிகள் அனர்த்தத்தின் பின்னர் அறிவித்தனர். ஆயின் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத தொழிலாளி, லயத்தை விட்டு எங்கே செல்வது என்ற வினாவுக்கு எந்தப் படத்திலும் விடை இருக்கவில்லை. இரண்டாவது, இழப்பின் தொகையே நீண்ட நாள் தெளிவுபடவில்லை. காணாமற் போனோர் நூற்றுக்கணக்கானோர் என முதலிற் கூறப்பட்டுப் பின்னர் அத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. எந்த லயத்தில் எந்தக் காம்பிராவில் யார் வாழ்ந்தனர் என்பதை உடனே எடுத்துக்காட்டத்தக்க பதிவு கைவசம் இருக்கவில்லை.

பியாஜேயின் பரிசோதனை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. ஒரே மலையை நிருவாகம் ஏக்கராகக் கண்டது; ஆராய்ச்சி நிறுவனம் சரிவாகக் கண்டது; லயத்து மக்கள் வீடாகக் கண்டனர். மூன்று காட்சிகளும் தத்தம் இடத்தில் உண்மையானவையே. ஒருவர் இடத்தில் மற்றவர் அமர்ந்து பார்க்கவில்லை என்பதே குறை. சிறு பிள்ளையிடம் காணப்பட்ட குறை என்று பியாஜே எழுதியதை, வளர்ந்தோர் நிருவாகம் ஒரு மலைச்சரிவின் முன்னே வெளிப்படுத்திற்று.

பின்னைய ஆண்டுகளிற் சில மாற்றங்கள் நிகழ்ந்தமையும் குறிப்பிடத்தக்கது. தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டம் 2015இன் பின்னர் முன்னெடுக்கப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணியாற்றுவதற்கு இருந்த தடையை நீக்கும் வகையிலே 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர். 2025 நவம்பரில் வீசிய ‘தித்வா’ சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு இலக்காயிற்று.

6. முடிவுரை

பிள்ளைகளின் படங்கள் மண்சரிவைத் தடுத்துவிடும் என்று கூறுவது மிகையாகும். ஆனால் நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் என்பன மண்சரிவின் முன்னறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. பீலியிலே தண்ணீர் எடுப்போரும் குறுக்குப் பாதையிலே நாள்தோறும் நடப்போரும் பிள்ளைகளே ஆதலின், இவ்வறிகுறிகள் முதலில் அவர்களின் கண்ணிற் படுதல் இயல்பு. யப்பானிலே பாடசாலைப் பிள்ளைகள் தம் ஊரைச் சுற்றி நடந்து, ஆபத்தான இடங்களையும் தப்பிச் செல்லும் வழிகளையும் படமாக வரையும் பயிற்சி அனர்த்தக் கல்வியின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அதற்கு வேண்டியவை தாளும் பென்சிலும் உடன் நடந்து செல்லும் ஓர் ஆசிரியருமே. அபாய வரைபடத்தின் மீது அத்தகைய படமொன்று வைக்கப்படுமாயின், சரிவின் நிறத்துக்குள்ளே மனிதரின் கதவுகள் தெரியும்.

வரலாற்றுத் துறைக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தோட்ட மக்களின் வரலாறு பெரிதும் துரைமாரின் அறிக்கைகளையும் அரச ஆணைக்குழுக்களின் பதிவுகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஊவாவின் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் ஆண்டுக்கொரு முறை பிள்ளைகள் கீறும் சில படங்களை, திகதியும் கணக்கின் பெயரும் குறித்துப் பாதுகாத்து வருமாயின், இருபது ஆண்டுகளில் வேறெங்கும் கிடைத்தற்கரிய ஆவணத் தொகுதியொன்று உருவாகும். எந்த லயம் எப்போது இடிக்கப்பட்டது, எந்தப் பீலி வற்றியது, எந்த மலை தேயிலையை இழந்து காடாயிற்று, தனிவீடுகள் எங்கே எழுந்தன என்பன அதிலே பதிவாகும். முதியோரையும் தம் பிள்ளைப் பருவத்துத் தோட்டத்தை வரையச் செய்தால் அத்தொகுதி மேலும் பின்னோக்கிச் செல்லும். பல்கலைக்கழகங்களில் வரலாறும் புவியியலும் பயிலும் மலையக மாணவர் இன்று கணிசமாக உள்ளனர். விடுமுறையில் ஊர் திரும்புகையிலே தத்தம் பழைய பாடசாலையில் இப்பணியைத் தொடக்கிவைத்தல் அவர்களுக்கு அரிதன்று. கொப்பிகள் கடதாசிக் கடைக்குப் போகும் ஆண்டிறுதிக்கு முன்னரே அது தொடங்கப்பட வேண்டும்.